டி: டிரைவ் எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது? பவர்ஷெல்லில் தேடிப் பிடிக்கும் வழி

ஒரே மாடல், ஒரே அளவில் நாலு டிஸ்க் மாட்டிய விண்டோஸ் சர்வர். டி: டிரைவ் இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்ற வேண்டும். தப்பானதை உருவிவிட்டால் அப்புறம் பேக்கப்பைத் தேடி ஓட வேண்டியதுதான், அதனால் கையில் சீரியல் நம்பர் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

விண்டோஸ் தன் வன்பொருள், சர்வீஸ் விவரங்களைத் தரும் பகுதிக்கு டபிள்யூஎம்ஐ என்று பெயர், பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்திலிருந்து அதைக் கேட்கலாம். டபிள்யூஎம்ஐயில் இந்த விவரம் மூன்று கிளாஸ்களில் (விவரத் தொகுப்புகளில்) சிதறிக் கிடக்கிறது. வின்32_லாஜிக்கல்டிஸ்க்குக்கு டிரைவ் எழுத்து தெரியும், டிஸ்க்கின் சீரியல் நம்பர் தெரியாது. வின்32_டிஸ்க்டிரைவ் இதற்கு நேர் எதிர். நடுவில் நிற்பது வின்32_டிஸ்க்பார்ட்டிஷன். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் பழகியவர்கள் உடனே ஜாயின் (இரண்டு டேபிளை இணைப்பது) போடப் பார்ப்பார்கள், ஆனால் டபிள்யூஎம்ஐயின் குவெரி மொழியான டபிள்யூக்யூஎல்லில் ஜாயினே கிடையாது. அதற்குப் பதில் வின்32_லாஜிக்கல்டிஸ்க்டுபார்ட்டிஷன் போன்ற இணைப்பு கிளாஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆன்டிசிடென்ட், டிபென்டென்ட் என்று இரண்டு ரெஃபரன்ஸ் (சுட்டி), ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டும்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டபிள்யூஎம்ஐயைக் கேட்கும் பழைய கட்டளையான கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட்டில் ஆன்டிசிடென்ட்டை அச்சிட்டால் வருவது வெறும் ஸ்ட்ரிங்:

\\பிசி1\ரூட்\சிம்வி2:வின்32_டிஸ்க்பார்ட்டிஷன்.டிவைஸ்ஐடி="டிஸ்க் #0, பார்ட்டிஷன் #1"

இதைப் பார்த்ததும் ஸ்ப்ளிட், ரெஜெக்ஸ் என்று வெட்ட ஆரம்பிக்காதீர்கள். மதிப்புக்குள்ளேயே ஒரு கமா இருக்கிறது பாருங்கள், கமாவில் வெட்டினால் போச்சு. முன்னால் [டபிள்யூஎம்ஐ] என்று போட்டாலே அந்தப் பாதை முழு ஆப்ஜெக்ட்டாக மாறிவிடும். புதிய கட்டளையான கெட்-சிம்இன்ஸ்டன்ஸில் சிக்கல் வேறு மாதிரி: ஆப்ஜெக்ட்தான் வரும், ஆனால் அதில் கீ பிராப்பர்ட்டி (அடையாளம் காட்டும் மதிப்பு) மட்டுமே நிரம்பியிருக்கும். சைஸ் கேட்டால் காலி. டேட்டாவே இல்லை என்று நினைத்துவிடாமல், அதை மறுபடி கெட்-சிம்இன்ஸ்டன்ஸுக்கு பைப் செய்யுங்கள் (| குறி போட்டு அனுப்புங்கள்), மீதியும் வந்துவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், ரெஃபரன்ஸைப் பின்தொடரும் வேலையை பவர்ஷெல்லிடமே விட்டுவிடலாம் (உச்சரிப்பை மட்டும் தமிழில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்):

$எல் = கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_லாஜிக்கல்டிஸ்க் -ஃபில்டர் "டிவைஸ்ஐடி='டி:'"

$பி = $எல் | கெட்-சிம்அசோசியேட்டட்இன்ஸ்டன்ஸ் -ரிசல்ட்கிளாஸ்நேம் வின்32_டிஸ்க்பார்ட்டிஷன்

$பி | கெட்-சிம்அசோசியேட்டட்இன்ஸ்டன்ஸ் -ரிசல்ட்கிளாஸ்நேம் வின்32_டிஸ்க்டிரைவ் | செலக்ட் இன்டெக்ஸ், மாடல், சீரியல்நம்பர்

அவ்வளவுதான். ரிசல்ட்கிளாஸ்நேமை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் சிஸ்டம் வரை சம்பந்தப்பட்ட எல்லாமே வந்து குவியும், அதனால் கட்டாயம் போடுங்கள்.

கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட் பவர்ஷெல் 6 முதலே இல்லை. புதிதாக எழுதும் எதிலும் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் போன்ற சிம் கட்டளைகளையே பயன்படுத்துங்கள். எடிட்டருக்கு விஎஸ் கோட் போதும், பவர்ஷெல்லின் பழைய எடிட்டரான ஐஎஸ்இ பவர்ஷெல் 5.1-ஓடு நின்றுவிட்டது.

டிரைவ் எழுத்திலிருந்து டிஸ்க்கைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் கெட்-பார்ட்டிஷன் -டிரைவ்லெட்டர் டி | கெட்-டிஸ்க் என்ற ஒரே வரி போதுமே என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் அது இருக்கிறது. ஆனால் எந்த சர்வீஸ் எதை நம்பி ஓடுகிறது, எந்த குரூப்பில் எந்த யூசர் என்று டபிள்யூஎம்ஐயில் தேடப் போனால் மேலே சொன்ன முறைதான் கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: அசோசியேட்டர்ஸ் ஆஃப் என்று குவெரியை நேரடியாக எழுதுபவர்களுக்கு. நிபந்தனை எழுதும் 'வேர்' (where) பகுதியில் இரண்டு நிபந்தனை இருந்தால் நடுவில் ஆண்ட் போடக்கூடாது, இடைவெளி மட்டும் விடுங்கள். ஆண்ட் போட்டால் இன்வாலிட் குவெரி என்று திட்டும். -ஃபில்டருக்குள் \\.\பிசிக்கல்டிரைவ்0 எழுதும்போது ஒவ்வொரு \ குறியையும் இரட்டிப்பாக்கி \\\\.\\பிசிக்கல்டிரைவ்0 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் கிடைக்காது.

இன்னொன்று: நெட்வொர்க் டிரைவுக்குப் பார்ட்டிஷன் வராது, அது பிழை இல்லை. எல்லா டிரைவையும் லூப்பில் ஓட்டுபவர்கள் டிரைவ்டைப்=3 (உள்ளூர் டிஸ்க்) என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ஹார்டுவேர் ரெய்டு கார்டுக்குப் பின்னால் டிஸ்க்குகள் இருந்தால் விண்டோஸுக்குத் தெரிவது கார்டு காட்டும் மெய்நிகர் டிஸ்க் மட்டுமே, எந்த ஸ்லாட்டை உருவ வேண்டும் என்பதை அந்த கார்டின் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.