ஹம்மிங்பேர்டுக்கு நாட்டுச் சர்க்கரை வேண்டாம்: ஃபீடர் மாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பேக்யார்டோடு ஒரு வீடு அமைந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியங்களில் கறிவேப்பிலைத் தொட்டி வைப்பது ஒன்று, பூந்தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் ஃபீடர் மாட்டுவது இன்னொன்று. கறிவேப்பிலையைப் பற்றி ஆளாளுக்குப் பாடம் எடுப்பார்கள். ஃபீடரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டிவிட்டு, பறவை வரவில்லையே என்று ஜன்னலருகே நின்று காத்துக்கொண்டிருப்போம். பறவை வராதது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை. வந்த பறவைக்கு நாம் எதைக் குடிக்கக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நியூ ஜெர்சி முதல் ஜார்ஜியா வரை, கிழக்கு மாநிலங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பது ஒரே ஒரு இனம்தான்: ரூபி-த்ரோட்டட் எனப்படும் செங்கழுத்து ஹம்மிங்பேர்ட். எடை ஏறக்குறைய 3 கிராம், அதாவது ஒரு பென்னி நாணயத்தைவிடச் சற்றே கூடுதல். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் தாண்டி வருகின்றன. சுமார் 800 கிலோமீட்டர். இவ்வளவு சின்ன உடம்புக்குள் கெட்டுப்போன ஒரு மடக்கு போனால்கூட அது பெரிய அளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்பவற்றில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

முதலில் சர்க்கரை. நம் வீடுகளில் நடக்கும் தவறு இங்கே கொஞ்சம் தனி ரகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பார்ப்பார்: "வெள்ளைச் சர்க்கரை விஷம்னு நாமளே விட்டுட்டோம், அந்தச் சின்ன உசுருக்கு அதையா ஊத்துறே? கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போடு, இல்லேன்னா தேன் ஊத்து." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் மனிதருக்குச் சொல்லும் ஆரோக்கியக் கணக்கு இந்தப் பறவைக்குப் பொருந்தாது. இவை தேடிப் போகும் பூக்களின் தேனில் பெரும்பகுதி சுக்ரோஸ். கடையில் கிலோக்கணக்கில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரையும் அதே சுக்ரோஸ்தான், வேறு கலப்பு இல்லாமல். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, பழுப்புச் சர்க்கரை, 'ஆர்கானிக்' என்று லேசாக மஞ்சள் தட்டியிருக்கும் சர்க்கரை ஆகிய எல்லாவற்றிலும் இரும்பு முதலான தாதுக்கள் கலந்திருக்கும். நமக்கு அது சத்து. பூந்தேனில் இரும்பு மிகக் குறைவு என்பதால், கூடுதல் இரும்பை வெளியேற்றும் ஏற்பாடு ஹம்மிங்பேர்டின் உடம்பில் இல்லை. அது சேர்ந்துகொண்டே போய்ப் பறவையைக் கொல்லக்கூடும்.

தேன் இன்னும் மோசம். பாட்டிலில் கெட்டியாக இருக்கும்வரை தேன் கெடாது. தண்ணீர் கலந்த மறுநிமிடம் அது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. ஸ்டீவியா மாதிரி கலோரி இல்லாத இனிப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடிக்கும், வயிறு நிறையும், சக்தி மட்டும் கிடைக்காது. பவுடர் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

அளவு சுலபம்: ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். எந்தக் கப்பில் சர்க்கரையை அளந்தீர்களோ அதே கப்பில் தண்ணீரையும் அளந்தால் போதும். 'கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே' என்று பாயசக் கணக்கில் போகாதீர்கள். கெட்டியாகப் போட்டால் பறவைக்கு நீர்ச்சத்து குறையும், வேறு தண்ணீர் கிடைக்காத வெயில் நாளில் அது ஆபத்து. மிகவும் நீர்க்கப் போட்டால் அலைகிற அலைச்சலுக்குக் கட்டுபடியாகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும் என்றில்லை. சூடாக இருந்தால் சர்க்கரை சீக்கிரம் கரையும், அவ்வளவுதான். அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் தண்ணீர் சுண்டிப்போய் அளவு மாறிவிடும். நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

அப்புறம் அந்தச் சிவப்புப் பொடி. கடையில் 'இன்ஸ்டன்ட் நெக்டார்' என்று விலை போட்டு விற்பார்கள். பூக்களில் இருக்கும் தேன் நிறமற்றது. பறவையை இழுக்க ஃபீடரின் அடித்தட்டில் இருக்கும் சிவப்பே போதும். சாயம் பறவைக்குத் தேவையே இல்லாத ஒரு பொருள், உங்களுக்கும் வெட்டிச் செலவு.

கழுவ நேரமில்லையென்றால் மாட்டாதீர்கள்

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். சர்க்கரையில் செய்யும் தவறைவிட, கழுவாமல் விடும் தவறுதான் அதிகம் நடக்கிறது. ஜூலை மாத வெயிலில் ஒரு சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் என்ன ஆகும்? இரண்டாம் நாள் லேசாகக் கலங்கும். பிறகு அடியில் நூல்நூலாக ஏதோ மிதக்கும், மூடியைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். பறவை அலகை விடும் துளைகளைச் சுற்றிப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். அது பூஞ்சை. பறவையின் நாக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போய் வருகிறது, அதுவும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல்.

வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்ற வேண்டும். இதமான நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை. குளிர்ந்த வாரங்களில் கொஞ்சம் தள்ளிப்போடலாம். எப்படி இருந்தாலும் கலங்கித் தெரிந்தால் அன்றே கொட்டிவிடுங்கள். கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் மட்டும் போதாது. பாகம்பாகமாகக் கழற்றி, வினிகர் கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். துளைகளுக்குச் சின்ன பாட்டில் பிரஷ் வேண்டும். கரும்பூஞ்சை பிடித்துவிட்டால் ஒரு காலன் தண்ணீருக்குக் கால் கப் ப்ளீச் கலந்து ஒரு மணிநேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசிக் காயவைக்கலாம். அதற்கும் போகவில்லையென்றால் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

இதனால்தான் வேலைப்பாடு மிகுந்த அழகான கண்ணாடி ஃபீடர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கை நுழையாது. தட்டு மாதிரி அகலமான, மூடியைத் திறந்தால் முழுதும் கண்ணுக்குத் தெரிகிற ஃபீடர்தான் நல்லது. இன்னொன்று, விளிம்புவரை நிரப்புவது. 32 அவுன்ஸ் ஃபீடரில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிடிக்கும். 3 கிராம் பறவை தன் எடையைப்போல் இருமடங்கு குடித்தாலும் நாளொன்றுக்கு 6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முழு பாட்டிலை வைத்தால் யாருக்காக வைக்கிறோம்? வருவது ஒன்றிரண்டு என்றால் இரண்டு விரல் உயரம் ஊற்றினால் போதும்.

தலைகீழாகத் தொங்கும் பாட்டில் ஃபீடரை நேர்வெயிலில் மாட்டினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரைத் துளை வழியாகத் தள்ளும். சொட்டு விழுந்த இடத்தில் தேனீயும் குளவியும் மொய்க்கும். மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டினால் பாதித் தொல்லை குறையும். எறும்புக்கு, கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவே தண்ணீர் ஊற்றிவைக்கும் சின்னக் கிண்ணம் கடையிலேயே கிடைக்கிறது. கம்பியில் எண்ணெய், வாஸ்லின் தடவுவது நம்ம ஊர் யோசனை, இங்கே வேண்டாம். இறகில் பட்டால் பறவையால் அதைத் துடைத்துக்கொள்ள முடியாது. பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே பக்கத்திலேயே வரக்கூடாது.

எங்கே மாட்டுவது, எப்போது கழற்றுவது

ஜன்னல் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகள் ஏராளம். ஃபீடரை ஒன்று, கண்ணாடிக்கு மூன்றடிக்குள் மாட்டுங்கள். மோதினாலும் வேகம் இருக்காது. அல்லது முப்பது அடிக்கு அப்பால் தள்ளி வையுங்கள். நாம் வசதியாக உட்கார்ந்து பார்ப்பதற்காகப் பத்துப் பதினைந்து அடியில் மாட்டுகிறோம், அதுதான் ஆகாத தூரம்.

ஒரே ஃபீடர் இருந்தால் ஒரு ரவுடி ஆண்பறவை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற எல்லாவற்றையும் விரட்டும். பெரிய ஃபீடராக வாங்கினால் இது தீராது. சின்னதாக இரண்டு வாங்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வீட்டின் இரு பக்கமும் மாட்டுங்கள்.

செப்டம்பர் வந்ததும், 'ஃபீடர் இருந்தால் தெற்கே போகாமல் இங்கேயே தங்கிக் குளிரில் செத்துவிடும்' என்று சொல்லிக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. பகல் குறைவதை உணர்ந்துதான் பறவை கிளம்புகிறது, உங்கள் சர்க்கரைத் தண்ணீர் அதைப் பிடித்து வைக்காது. பயணத்துக்கு முன் சில பறவைகள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் கழற்றுவதுதான் தப்பு. கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால் போதும். கலிஃபோர்னியாவிலிருந்து சியாட்டில் வரையுள்ள மேற்குக் கரை வேறு கதை. அங்கே அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் வருடம் முழுக்க இருக்கும். உறைபனி இரவில் ஃபீடரை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு விடியும் முன்பே வெளியே மாட்டிவிட வேண்டும். எழுந்ததும் அதற்கு முதலில் வேண்டியது அதுதான்.

குளிரான காலையில் ஒரு பறவை ஃபீடரில் அசையாமல், சில சமயம் தலைகீழாகக்கூடத் தொங்கிக்கொண்டிருந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரவில் சக்தியை மிச்சப்படுத்த அது ஒரு மாதிரி மயக்க நிலைக்குப் போகும். 40 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் உடல்வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கும், இதயம் மெல்ல அடிக்கும். தெளிய இருபது நிமிடமோ, அதற்கும் மேலோ ஆகும். கையில் எடுத்துத் தேய்ப்பதும், உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் முன் வைப்பதும் வேண்டாத வேலை.

சர்க்கரைத் தண்ணீர் மட்டுமே உணவு என்று நினைப்பதும் தவறுதான். புரதத்துக்குக் கொசு, பழ ஈ, குட்டிச் சிலந்தி என்று பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் பெரும்பங்கு பூச்சிதான். முற்றம் முழுக்கக் கொசுமருந்து அடிக்கும் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டே ஃபீடரும் மாட்டினால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவதுதான். கூரை விளிம்பில் இருக்கும் ஒட்டடையைக்கூட வசந்தத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள். சிலந்தி நூலை எடுத்துத்தான் அது கூட்டைக் கட்டுகிறது.

கராஜில் மாட்டிக்கொண்டால்

இதை ஏனோ யாரும் எச்சரிப்பதில்லை. கராஜ் கதவு திறந்திருக்கும்போது மேலே மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்திருப்பீர்கள், மின்சாரம் போனால் இழுப்பதற்கு இருப்பது. ஹம்மிங்பேர்ட் அதைப் பூ என்று நினைத்து உள்ளே வந்துவிடும். ஆபத்து என்று தோன்றினால் மேலே எழும்புவது அதன் சுபாவம், ஆகவே அகலத் திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டுக் கூரையை ஒட்டியே சுற்றிச்சுற்றிப் பறக்கும். துடைப்பத்தை எடுத்து விரட்டினால் இன்னும் மேலேதான் போகும், ஒரு மணிநேரத்தில் களைத்து விழுந்துவிடும். கதவுகளை எல்லாம் திறந்து, உள்ளே விளக்கை அணைத்து, வாசலருகே ஃபீடரைத் தொங்கவிட்டு, அந்தச் சிவப்புக் கைப்பிடியை மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பசி எடுத்தால் கீழே இறங்கி வெளியே போகும். கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிவிட்டால் அடுத்த தடவை இந்த வம்பே இல்லை.

பார்க்கும்போது நடக்கும் தவறுகள் சின்னவை. ஆணின் கழுத்துச் சிவப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சூரியன் உங்களுக்கு எதிரே இருந்தால் வெறும் கறுப்பாகத் தெரியும், வேறு இனம் என்று குழம்பிவிடுவோம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கிடையாது. பூவருகே சிறகடித்து நிற்பதில் தலையில் உணர்கொம்பு தெரிந்தால் அது அந்துப்பூச்சி.

கூடு கண்ணில் பட்டால் தூரத்திலிருந்தே பாருங்கள். பாதி வால்நட் ஓடு அளவுதான் இருக்கும், உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு முட்டைகள். தாய் மட்டும்தான் வளர்க்கும், நொடிகளில் ஊட்டிவிட்டுப் பறந்துவிடும். 'தாயைக் காணோம், குஞ்சுகள் அநாதை' என்று நினைத்துக் கூட்டை வீட்டுக்குள் எடுத்து வந்துவிடாதீர்கள். 1918-ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி அது குற்றமும்கூட.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆன்லைனில் ஹம்மிங்பேர்ட் ஃபீடர் விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் செம்பருத்தியில் தேன் குடிப்பது ஊதாத் தேன்சிட்டு மாதிரியான வேறு குடும்பத்துப் பறவை, பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்தே குடிக்கும். அதற்கு ஃபீடர் வேண்டாம். செம்பருத்தியும் இட்லிப் பூவும் இருந்தாலே வரும். சில வீடுகளில் துணி காயப்போடும் கொடியிலேயே கூடு கட்டித் தொங்கவிடும். அப்படிக் கட்டினால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கொடியை அதற்கே விட்டுவிட்டு, துணிக்கு வேறு கொடி கட்டிக்கொள்ளுங்கள்.