டிரினிடாட் போக: ஊசியில் தொடங்குங்கள்

கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவுக்குப் போக வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பாருங்கள். திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கொச்சி போய்ப் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. மே 30 அங்கே இருந்தால் இன்னும் நல்லது. 1845-இல் அன்றுதான் ஃபாட்டல் ரசாக் கப்பல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்கியது. இப்போது அந்த நாள் அங்கே பொது விடுமுறை. சென்னைத் துறைமுகம் வழியாகவும் பின்னால் நம்மவர்கள் போனார்கள்.

அங்கே வாட்டர்லூ என்ற ஊரில் கடலுக்குள் இருக்கும் கோயிலைத் தவறவிடாதீர்கள். கரும்புத் தோட்டத் தொழிலாளி சிவதாஸ் சாது முதலில் கட்டியது சர்க்கரைக் கம்பெனி நிலத்தில், அதை இடித்துவிட்டார்கள். சரி, கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று, சைக்கிளில் கல் சுமந்து 25 வருடம் கடலுக்குள்ளேயே கட்டினார். அந்தப் படியில் உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் கரோனி சதுப்பு நிலம். மாலைப் படகையே பிடியுங்கள். நம் வயலில் கறுப்பாகத் திரியும் அரிவாள் மூக்கன் பறவை அங்கே குங்குமச் சிவப்பு. ஒவ்வொன்றாக வந்து அடைய, பச்சை அலையாத்தி மரம் கண்ணெதிரே சிவந்துபோகும். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

காலையில் தெருவோரத்தில் டபுள்ஸ் சாப்பிடுங்கள்: இரண்டு மெத்தென்ற பூரி, நடுவே கொண்டைக்கடலைக் கறி. மிளகாய் கொஞ்சமாகக் கேளுங்கள்.