கையால் அழுத்தும் ஹீட் பிரஸ்: எந்த அளவு வாங்குவது?

பெரியதாக ஒன்று வாங்கிவிட்டால் சின்ன வேலை, பெரிய வேலை இரண்டுக்கும் ஆகும் என்றுதான் முதல் மெஷின் வாங்கும் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தோசைக்கல்லுக்கு அது சரி. துணியில் டிசைனைச் சூடு காட்டி ஒட்டும் மெஷினான ஹீட் பிரஸ்ஸுக்குப் பொருந்தாது. வினைல், அதாவது டிசைனாக வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் தாள், துணியில் ஒட்டுவதற்குச் சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் வேண்டும். சூட்டையும் நேரத்தையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். அழுத்தம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். மெஷினின் சூடாகும் அடித்தட்டான பிளேட் பெரிதாகப் பெரிதாக அந்தக் கைபலம் பரவிப் போய்விடும்.

கணக்குப் போட்டால் தெரியும். நீங்கள் சாய்ந்து 20 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 6×7 அங்குல பிளேட்டின் பரப்பு 42 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஏறக்குறைய 475 கிராம் விழும். 12×10 என்றால் 120 சதுர அங்குலம்; அதே 20 கிலோவுக்கு 165 கிராம்தான். "பெரிய மெஷின் வாங்கியும் ஓரம் பிரிகிறது" என்று புலம்புகிறவர்கள் பலர் வினைலைக் குறை சொல்கிறார்கள். பாவம், வினைல் என்ன செய்யும்?

உங்கள் கைபலம் எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். எடை பார்க்கும் மெஷினை மேஜைமேல் வைத்து, அதன்மேல் ஒரு பலகை வைத்து, இரண்டு கையாலும் சாய்ந்து 15 விநாடி அழுத்துங்கள். முள் எங்கே நிலையாக நிற்கிறதோ அதுதான் உங்கள் கைபலம்; மேலே போட்ட கணக்கில் 20 கிலோவுக்குப் பதில் அதை வையுங்கள். ஒரு கணம் எட்டித் தொட்ட உச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேஜை இடுப்பு உயரத்திலோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் உடல் எடையே வேலையைச் செய்யும். இஸ்திரி போடும் மடக்குப் பலகை இதற்கு உதவாது. அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கும், அழுத்தம் சீராக விழாது.

அடுத்து, செய்யப்போகும் பொருட்களை அளக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் 6×7, 9×9, 12×10 என்று மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கிரிகட் கம்பெனியின் ஈஸிபிரஸ் மெஷின் இந்த அளவுகளில் வந்ததால் மற்ற கம்பெனிகளும் இதையொட்டியே செய்கின்றன. வெட்டிய தாளை நீங்கள் அச்சடிக்கப்போகும் சட்டை, பை, தலையணை உறை மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு விஷயம் கவனியுங்கள். டிசைனைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது தாள் வெளியே நீள வேண்டும், ஏனென்றால் பல மெஷின்களில் பிளேட்டின் விளிம்பு நடுப்பகுதியைவிடச் சூடு குறைவாக இருக்கும். தாள் எந்தத் தையல்மேலும், பட்டன்மேலும், ஜிப்மேலும் ஏறக்கூடாது. ஏறினால் பிளேட் அந்த மேட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலுள்ள வினைலைத் தொடவே தொடாது.

துணிப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரும் தேதியும் பெரும்பாலும் 5 அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும். அதன்மேல் 9×9 தாளை வைத்தால் மேல் ஓரம் கைப்பிடித் தையல்மேல் ஏறி நிற்கும். 6×7 நடுவில் தாராளமாக உட்காரும். இங்கே சின்ன மெஷின்தான் சரி. இன்னொன்று: நெய்யாத துணியில் செய்த நான்-வோவன் பை என்றால் எந்த அளவு மெஷினாக இருந்தாலும் ஜாக்கிரதை. அது பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். சாதாரண வினைலுக்குரிய 150 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

சட்டைகளில், இடது மார்பு லோகோ 3 முதல் 4 அங்குலம். கைக்குழந்தை உடுப்புக்கும் அவ்வளவுதான். இரண்டுக்கும் 6×7 போதும். சிறுவர் டீ-ஷர்ட்டின் முன்பக்க டிசைன் 6 முதல் 8 அங்குலம், இதற்கு 9×9. பெரியவர்கள் டீ-ஷர்ட்டில் முன்பக்கம் முழுக்க என்றால் 10, 11 அங்குலம் வரும். ஒரே மெஷின்தான் வாங்க முடியும், வேலை முழுக்க வினைல்தான் என்றால் 9×9 வாங்குங்கள். சராசரி ஆள் ஒழுங்காக அழுத்தக்கூடிய பெரிய அளவு அதுதான். 11 அங்குல டிசைனையும் அதில் இரண்டு முறையாகப் போட்டுவிடலாம். முதல் பாதியை 10 விநாடி அழுத்தி, மெஷினைத் தூக்கி, ஒரு அங்குலம் மேலேறி நிற்கும்படி அடுத்த பாதியில் வைத்து மறுபடி 10 விநாடி. இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் இளகிய வினைலும் கூடவே நகரும்.

சப்ளிமேஷன் என்றால் இந்த வித்தை பலிக்காது. அதில் காகிதத்தில் அச்சடித்த மை 190 முதல் 205 டிகிரியில் ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள் போகிறது. பாதி பாதியாகச் சூடு காட்டினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிறம் மாறி ஒரு கோடு விழும். காகிதம் நூலளவு நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் தட்டும். ஆகவே பிளேட் முழு டிசைனையும் ஒரே தடவையில் மூட வேண்டும். ஏ4 தாள் 8.3×11.7 அங்குலம். கையால் அழுத்தும் அளவுகளில் அதை முழுதாக மூடுவது 12×10 மட்டுமே. சப்ளிமேஷனுக்கு வினைலைப் போல அவ்வளவு பலமான அழுத்தம் தேவையில்லை; 45 முதல் 60 விநாடி அசையாமல் இருந்தால் போதும். 12×10 வாங்க நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

தொப்பி, ஷூ, பொம்மை உடுப்பு, சட்டைக் காலர் போன்றவற்றுக்கு மினி என்று ஒரு குட்டி மெஷின் இருக்கிறது. பிளேட் ஏறக்குறைய 2×3 அங்குலம். தொப்பிக்குள் உருட்டிய துண்டைத் திணித்து, நடுவிலிருந்து இரு ஓரமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். மினியை மட்டும் வைத்துக்கொண்டு டீ-ஷர்ட் போடலாம் என்று நினைத்தால் கையும் பொறுமையும் நோகும். காபி மக் இந்த எதிலும் வராது. அதற்கு வளைந்த பிளேட் கொண்ட தனி மெஷின் வேண்டும்.

அளவு முடிவானதும் பிளக்கைப் பாருங்கள். நம் வீட்டு 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். மெஷின் லேபிளில் 1500 வாட் என்று இருந்தால் 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 230-ல் செருகினால் வாட் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெஷின் அன்றைக்கே கருகும்.

மெஷின் வந்த முதல் நாள் நல்ல துணியில் கை வைக்காதீர்கள். பழைய காட்டன் துணியில் பிளேட்டின் அளவுக்கு ஒரு கட்டம் வரைந்து, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நான்கு மூலையிலும், பிறகு நடுவிலும் ஒரு அங்குல வினைல் துண்டுகளை வையுங்கள். முதலில் வெறும் துணியை 5 விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்கிவிட்டு, பிறகு 150 டிகிரியில் 15 விநாடி. ஐந்து துண்டின் மேலும் உள்ள பிளாஸ்டிக் மேல்தாளை உரித்து, ஆறியதும் நகத்தால் ஓரத்தைச் சுரண்டுங்கள். நடு மட்டும் ஒட்டி மூலைகள் பிரிந்தால் சூடு சீராக இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்துமே பிரிந்தால் அழுத்தம்தான் போதவில்லை. மேஜையை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் பிரிந்தால் ஒரு அளவு சின்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒட்டியும் வினைல் சுருங்கி அலை அலையாகத் தெரிந்தால் சூடு கூடிவிட்டது, 5 டிகிரி குறையுங்கள். பாலியஸ்டரில் பிளேட் வடிவத்தில் பளபளப்பான சதுரம் விழுந்தாலும் அதே காரணம்தான். இஸ்திரிப் பெட்டியின் நீராவியைத் தொடாமல் காட்டினால் ஓரளவு மறையும்.

ஒரு நாளைக்கு 40, 50 டீ-ஷர்ட் என்று ஆர்டர் வரத் தொடங்கினால் கையால் அழுத்துவதை விட்டுவிடுங்கள். 15×15 அங்குலத்தில் கைப்பிடியை இழுத்து மூடும் மேஜை மெஷின் இருக்கிறது. அதில் திருகு ஒன்றை முடுக்கி வைத்தால் முதல் சட்டைக்கும் ஐம்பதாவது சட்டைக்கும் ஒரே அழுத்தம் விழும்.