சிங்கள, தமிழ் மொழிமூல மாணவர்களை ஒரே வட்டத்தில் உரையாட வைப்பது எப்படி?

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் வகுப்பறைகள் மொழிமூலத்தின்படியே, அதாவது பாடம் கற்பிக்கும் மொழியின்படியே, பிரிந்திருப்பதால், ஒரே ஊரில் வளரும் இரு பிள்ளைகள் பள்ளிப்படிப்பின் இறுதிக்கட்டமான உயர்தரம் முடிக்கும்வரை ஒருவரோடொருவர் நிதானமாகப் பேசாமலே இருந்துவிட முடிகிறது. அவர்களை ஒன்றாக அமர்த்த விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுமதிக் கடிதம், வாகனம், உணவு ஆகியவற்றை ஏற்கெனவே ஒழுங்குசெய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அமர்வு. பன்னிரண்டு முதல் பதினாறு பேர் போதும். கதிரைகளை வட்டமாக இடுங்கள். புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். திரை இருந்தால் எல்லோரும் அதையே பார்ப்பார்கள். மட்டைத் துண்டுகளும் மார்க்கர் பேனைகளுமே எனக்குப் பிடித்த கருவிகள்.

படி 2: மொழி. பெரும்பாலான வட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பொதுமொழியாக ஆங்கிலத்தை வைத்தால், அதில் பழக்கமுள்ள நகரத்துப் பிள்ளைகள் நால்வர் பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அதைத் தவிர்க்க இரு மொழியும் அறிந்த ஒரு மாணவியை மொழிபெயர்க்கச் சொன்னால், அவள் மற்றவர்களின் கதைகளையெல்லாம் சுமந்துவிட்டுத் தன் கதையைச் சொல்லாமலே வீடு திரும்புவாள். ஆகவே மொழிபெயர்ப்பவர் வட்டத்திற்கு வெளியிலிருந்து வரும் வளர்ந்தவராக இருக்க வேண்டும்; இரண்டு, மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, "அவர் சொல்கிறார்" என்று தொடங்காமல் "நான்" என்றே பேசியவரின் குரலில் சொல்ல வேண்டும்; கேட்பவர்கள் அவரைப் பாராமல் பேசியவரைப் பார்க்க வேண்டும். நேரம் இரட்டிப்பாகும் என்பதால் கேள்விகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பேச்சுவழக்கில் அவை தடுமாறுகின்றன.

படி 3: முதற்கேள்வி. "சித்திரைப் புத்தாண்டன்று உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?" என்பது எளிதில் வாய் திறக்கவைக்கும். மருத்துநீர் (மூலிகை நீர்) வைத்து நீராடுவதையும் பெரியவர்களிடம் கைவிசேடம் (புத்தாண்டுப் பணம்) பெறுவதையும் ஒருவர் சொல்ல, சுபவேளை வரும்வரை அடுப்பு மூட்டாமல் காத்திருப்பதை மற்றவர் சொல்வார்.

*பின்சேர்க்கை:* இந்தக் கேள்வி முஸ்லிம் மாணவர்களைப் பார்வையாளர்களாக்கிவிடுகிறது என்று கிழக்கு மாகாண ஆசிரியர் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அது முற்றிலும் சரி. முஸ்லிம் மாணவர்களும் உள்ள குழுக்களில் "உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதலில் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

படி 4: இரு சுற்றுகள். முதற்சுற்றில் யாரும் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில், மற்றவர் சொன்ன ஒன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டே கேள்வியைத் தொடங்க வேண்டும். 2009இல் முடிந்த போரை முதல் நாளில் நீங்களாக எடுக்காதீர்கள். ஆனால் ஒரு பிள்ளை தன் குடும்பத்தின் இழப்பைச் சொல்லத் தொடங்கினால் பேச்சை மாற்றாமல் முடிக்க விடுங்கள்; அதற்குப் பதிலாகத் தங்கள் தரப்பின் இழப்பைக் காட்டி எதிர்க்கணக்குச் சொல்ல எவரையும் அனுமதிக்காதீர்கள்.

படி 5: தொடர்பு. கலைவதற்கு முன்பே அடுத்த சந்திப்பின் தேதியைக் குறித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் குரல் பதிவுகளையே ஊக்குவியுங்கள். மற்ற மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பலருக்கு அதன் எழுத்தை வாசிக்கத் தெரியாது.