சாயம் ஒட்டவில்லையா? முதலில் பஃபரைப் பாருங்கள்

ஆன்டிபாடியுடன் ஒளிரும் சாயத்தையோ பயோட்டின் என்ற அடையாளச் சிறுமூலக்கூறையோ இணைக்கும் வினை தோற்றால், பழி வினைப்பொருள் மீதுதான் விழும். புதிய குப்பி வாங்குவார்கள், அதுவும் வீணாகும். இந்த இணைப்புக்குப் பயன்படும் வினைப்பொருளான என்.எச்.எஸ். எஸ்டரைப் பொறுத்தவரை, குற்றவாளி பெரும்பாலும் புரதம் கரைந்திருக்கும் பஃபரிலேயே, அதாவது பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசலிலேயே, இருக்கிறது.

இந்த எஸ்டர் முதன்மை அமீன் எனும் –NH₂ தொகுதியைத் தேடிப் போய் வினைபுரியும். புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அது உண்டு. பஃபர்களில் சேர்க்கப்படும் டிரிஸிலும் கிளைசினிலும் உண்டு. 50 மில்லிமோலார் டிரிஸில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஐ.ஜி.ஜி. (ஒரு வகை ஆன்டிபாடி) இருந்தால், ஒரு புரத மூலக்கூறுக்கு ஏறக்குறைய 7,500 டிரிஸ் மூலக்கூறுகள். அந்தக் கூட்டத்தில் லைசினுக்கு என்ன கிடைக்கும்? பாஸ்பேட் அல்லது பைகார்பனேட் பஃபருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். நிலைப்படுத்தியாக மாட்டு சீரம் அல்புமின் சேர்த்து விற்கப்படும் ஆன்டிபாடி இன்னும் மோசம். சாயம் ஒட்டும், அல்புமின் மீது! சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் வழக்கமான டயாலிசிஸ் டிரிஸை நீக்கும், அல்புமினை நீக்காது. அல்புமின் கலக்காத ஆன்டிபாடியைக் கேட்டு வாங்குவதே மேல்.

அடுத்த எதிரி தண்ணீர். அது எஸ்டரைச் சிதைத்துவிடும், இதுவே நீராற்பகுப்பு. 4 டிகிரி செல்சியஸில், பி.எச். 8-இல் இந்த எஸ்டரின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 8.6-இல் பத்தே நிமிடம். பி.எச். கூடினால் வினை வேகமாகும் என்பது உண்மைதான், நீராற்பகுப்பும் கூடவே வேகமாகும். நீர்த்த புரதக் கரைசலில் தண்ணீரே வெல்லும். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்கட்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வருமுன் திறந்தால் ஈரம் உள்ளே படியும். நீரில் கரைத்த மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைப்பது வெறும் சிக்கனக் கற்பனை.

இணைக்க உதவும் இன்னொரு வினைப்பொருளான மாலிமைடு, தயோல் எனும் –SH தொகுதியைத் தேடுவது, அதற்கு பி.எச். 6.5 முதல் 7.5 வரை போதும். புரதத்தின் டைசல்பைடு பிணைப்பை (இரு கந்தக அணுக்களின் இணைப்பு) உடைக்கச் சேர்த்த டி.டி.டி.யும் (டைதயோதிரெய்ட்டால்) தயோல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை முழுவதும் நீக்காமல் மாலிமைடைச் சேர்க்கக் கூடாது.

வினை நன்றாக நடந்ததாகக் காட்டும் எண்ணையும், அதாவது ஒரு புரத மூலக்கூறில் எத்தனை சாய மூலக்கூறுகள் ஒட்டின என்ற கணக்கையும், உடனே நம்ப வேண்டாம். ஒட்டாத சாயம் மிச்சமிருந்தால் கணக்கு உயர்ந்து தெரியும். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலுக்குப் பிறகு அளவிடுங்கள். சாயமும், புரதத்தை அளக்கப் பயன்படும் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். அந்தப் பங்கைக் கழிக்காவிட்டால் புரதம் கூடுதலாகவும், அதனால் ஒட்டிய சாயம் குறைவாகவும் தெரியும். அதைப் பார்த்து அடுத்த முறை சாயத்தை அள்ளிக் கொட்டினால் புரதம் திரண்டு படிவதோடு, நெருங்கி அமர்ந்த சாயங்கள் ஒன்றன் ஒளியை மற்றொன்று அணைத்தும்விடும்.