சேலத்தில் பழைய பத்தடி ஃபிளெக்ஸ் பிரிண்டிங் மிஷின் வாங்கப் போகிறீர்களா?

ஆடிப் பண்டிகை பேனர் ஆர்டரை நம்பி ஆனியிலேயே அட்வான்ஸ் நீட்டாதீர்கள். வருகிற வேலை ரோட்டோர ஃபிளெக்ஸ் என்றால் கோனிகா 512ஐ ஹெட் (இங்க்கைப் பீய்ச்சும் பாகம்) போட்ட, சால்வென்ட் என்கிற கரைப்பான் இங்க்கில் ஓடும் மிஷின் போதும். கடைக்குள் ஒட்டும் வினைல், ஸ்டாண்டி என்றால் ஐ3200 ஹெட் உள்ள ஆறடி எக்கோ சால்வென்ட் (வாடை குறைந்த இங்க்) மிஷின் பாருங்கள்.

பேரமே ஹெட்டில்தான். நீங்கள் போகும்போதே மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போதுதான் ஹெட்டுக்கு கிளீனிங் போட்டிருக்கலாம். முந்தின இரவே அணைக்கச் சொல்லி, காலையில் நீங்களே நாசில் செக் (ஹெட்டின் ஒவ்வொரு துளையும் இங்க் விடுகிறதா என்று கோடு போட்டுக் காட்டும் தாள்) எடுங்கள். ஒரு கிளீனிங் போட்டு மறுபடி எடுங்கள். விட்டுப்போன கோடு இரண்டு தாளிலும் அதே இடத்தில் இருந்தால் அந்த நாசில் பெரும்பாலும் அடைத்திருக்கும் அல்லது செத்திருக்கும். இடம் மாறினால் பெரும்பாலும் டேம்பரிலோ (ஹெட்டுக்கு மேலே இங்க் தங்கும் சின்ன டப்பா) குழாயிலோ காற்று, பயமில்லை.

அடுத்து ஒரே நிறத்தை முழு அகலத்துக்கு 2 மீட்டர் அடியுங்கள். முதலில் அடர்த்தியாக வந்து போகப் போக வெளுத்தால் இங்க் ஃபில்டர் அடைத்திருக்கலாம். மாற்றிவிட்டு மறுபடி அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கடையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஹெட்டை இயக்கும் சர்க்யூட் போர்டான ஹெட் கார்டு புகைந்தபின் விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

ஏற்காட்டில் கடை என்றால் மழைக்காலத்தில் பிரிண்ட் காய நேரமாகும், ஹீட்டரைக் கூட்டுங்கள். எக்கோ சால்வென்ட் வினைலை 24 மணி நேரம் காயவிட்டு லேமினேஷன் போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருளும்.