முதல் குறும்படமும் எடிட்டிங் மென்பொருளும்: எங்கே தடுக்கி விழுகிறோம்

"எடிட்டிங்குக்கு எது பெஸ்ட்?" என்று நாலு பேரிடம் கேட்டு, அதிகம் பேர் சொன்னதை டவுன்லோடு செய்வதுதான் முதல் தவறு. உங்கள் போன் எந்த வகை ஃபைல் தருகிறது, லேப்டாப்பில் ரேம் எவ்வளவு என்று தெரியாதவர் சொல்லும் பதில் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பவற்றில் அதற்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். வெட்டுவது, கலர், ஒலிக்கு ஃபேர்லைட் என்ற பகுதி, எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் 8 ஜிபி ரேம் மட்டும் உள்ள, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் 4கே காட்சிகளோடு திணறும். லினக்ஸ் கணினிக்கான அதன் இலவசப் பதிப்பு எச்.264 என்ற சுருக்க முறையில் பதிவான வீடியோவையே திறக்காது. போனில் எடுப்பது பெரும்பாலும் அதுவோ எச்.265-ஓதான். அப்படிப்பட்ட இடத்தில் கேடன்லைவ் அல்லது ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் போதும். எதுவானாலும் "ப்ராக்ஸி" வசதியைப் போட்டுப் பாருங்கள். சிறிய நகல்களை வைத்து வெட்டலாம், கடைசியில் அசல் ஃபைல்களிலிருந்து படம் வெளிவரும். இது தெரியாமல் புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் உண்டு.

எங்கள் குறும்படத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒலிதான். மொட்டை மாடியில், சாயங்கால வெளிச்சத்தில் ஒரே ஷாட்டாக எட்டு நிமிட உரையாடல். படம் போனில், குரல் தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதமாகப் பொருந்தின. ஆறாவது நிமிடத்தில் பார்த்தால் நடித்தவள் வாய் மூடிய பிறகு "போயிட்டு வரேன்" என்று கேட்கிறது. மென்பொருள் சரியில்லை என்று இரண்டு முறை மாற்றினோம். குற்றம் அங்கே இல்லை. பல போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே சரியானது. அப்புறம், நீண்ட ஷாட்டின் தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் ஒருமுறை கை தட்டுங்கள், படத்தையும் குரலையும் பொருத்த அது அடையாளம். இரண்டு தட்டலும் பொருந்தினால் நடுவில் பெரும்பாலும் பயமில்லை. ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

முழுப் படத்தின் ஒலியையும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் முடிக்க நினைப்பதும் வீண் சிரமம். ஒரு துண்டின் இரைச்சலைக் குறைக்க அது அருமையான கருவி. ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே அதில் வேலை செய்ய முடியாது. ஃபேர்லைட்டில் முடியும், ரீப்பர் என்ற ஒலி மென்பொருளிலும் முடியும், அதை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். எதில் செய்தாலும், காட்சி வெட்டு முடிவான பிறகே ஒலியைத் தொடங்குங்கள். நடுவில் இரண்டு நொடியை வெட்டினால், அதற்குப் பின்னால் வைத்த காலடி, கதவு, மழை எல்லாம் நகர்ந்துவிடும்.

ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே ஒரு நிமிடக் காட்சி எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்து, தலைப்பு போட்டு, ஏற்றுமதி வரை போய்ப் பாருங்கள். படத்தின் மேல் மென்பொருளின் முத்திரை (வாட்டர்மார்க்) விழுகிறதா என்பதும் அப்போதே தெரியும்.

தலைப்பைத் தமிழில் போட்டே சோதியுங்கள். "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா, "ஸ்ரீ" உடைகிறதா என்று பாருங்கள். உடைந்தால் அதற்காக மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் பெயர்களை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி டைம்லைனில் வைத்தால் போதும்.